முடக்கு வாதத்தோடு எடையைக் குறைப்பது எப்படி? 10,000 அடி நடந்து நாலு நாள் படுத்துவிட்டேன்

ஈசூன்மலர் | செவ்வாய், இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். வயது 46. சிங்கப்பூரில் பாலர் பள்ளி ஆசிரியை. மூன்று வருடமாக முடக்கு வாதம், ஊரில் பாட்டி காலத்தில் சரவாங்கி என்பார்களே அதுதான். நோயை அடக்க வாரம் ஒரு தடவை மெத்தோட்ரெக்சேட், கூடவே ஃபோலிக் அமிலம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டெராய்டு மாத்திரை 15 மில்லிகிராமில் ஆரம்பித்து இப்போது 5 மில்லிகிராம்.

நோய் வருவதற்கு முன் 60 கிலோ இருந்தேன். இப்போது 71. உயரம் 155 சென்டிமீட்டர். போன மாதம் டாக்டர், "எடையைக் குறைத்தால் முழங்காலுக்கு நல்லது, மருந்தும் இன்னும் நன்றாகக் கேட்கும்" என்றார். எப்படி என்று நான் கேட்பதற்குள் அடுத்த எண்ணை அழைத்துவிட்டார்கள்.

சரி, நாமே ஆரம்பிப்போம் என்று அடியை எண்ணும் ஹெல்தி 365 செயலியில் 10,000 அடியை இலக்காக வைத்துக்கொண்டு ஈசூன் குளத்தைச் சுற்றி நடந்தேன். முதல் நாள் சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் நாளும் முடித்தேன். மூன்றாம் நாள் காலையில் காலைத் தரையில் வைத்தால் கூழாங்கல்லை மிதிப்பது போல விரல்களுக்கு அடியில் ஒரே வலி. இரண்டு கணுக்காலும் வீங்கிவிட்டன. நாலு நாள் மருத்துவ விடுப்பு.

வேலையிலும் கஷ்டம்தான். பிள்ளைகளுக்குத் தரையில் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டும். முடிந்ததும் என்னால் எழ முடியாது. முதலில் திரும்பி முட்டி போட்டு, பொம்மை அலமாரியின் விளிம்பில் முழங்கையை ஊன்றி (உள்ளங்கையை ஊன்றினால் மணிக்கட்டு தாங்காது), ஒரு காலை முன்னால் வைத்து, அப்புறம்தான் எழுவேன். போன வாரம் நாலு வயதுப் பையன் ஒருவன் வந்து, "டீச்சர், நான் தூக்கிவிடட்டுமா?" என்று இரண்டு கையையும் நீட்டினான். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

எனக்கு இரண்டு கேள்வி. அசைந்தால் வலிக்கிறது, அசையாவிட்டால் எடை ஏறுகிறது. இதில் எங்கே தொடங்குவது? பிரெட்னிசோலோனை நானே நிறுத்திவிட்டால் எடை இறங்கிவிடுமா?

அங்மோகியோஅம்மா | செவ்வாய், இரவு 11.02

மலர், இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். நிறுத்திவிடாதேம்மா. அந்த மாத்திரையைப் பல வாரம் சாப்பிட்டவர்களின் உடம்பு, தானே சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் அதையே நம்பியிருக்கும். திடீரென்று விட்டால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது என்று ஆபத்தில் கொண்டுபோய் விடும். டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது "இதை எப்போது, எப்படிக் குறைப்பீர்கள்?" என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கேள். எண்ணை அழைத்தாலும் எழுந்திருக்காதே.

எனக்கு 61 வயது, இந்த நோய் வந்து 19 வருடம். உன் முதல் கேள்விக்குப் பெரிய பதிலாக எழுத வேண்டும். நாளைக்கு எழுதுகிறேன், இப்போது விரல் ஒத்துழைக்கவில்லை.

தேக்கா64 | புதன், காலை 7.20

சகோதரிக்கு வணக்கம். என் அனுபவத்தில் வீங்கிய மூட்டுக்கு ஓய்வுதான் மருந்து. வலிக்கிற உடம்பைப் போட்டு வருத்தக் கூடாது. இரவில் நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்து, காலையில் வெந்நீரில் குளியுங்கள். தக்காளி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு மூன்றையும் விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் மூட்டுவலிக்கு மூலிகை மாத்திரை தருவார். இரண்டே நாளில் வலி போய்விடும். பலருக்குக் கேட்டிருக்கிறது. வேண்டுமானால் சொல்லுங்கள்.

செங்காங்காரன் | புதன், காலை 8.05

தேக்கா அண்ணா, நல்லெண்ணத்தில் சொல்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் அந்த மாத்திரை விஷயத்தில் என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

அவருக்கும் இரண்டே நாளில் வலி போனது. பத்து வருடம் கழித்துக் கோலம் போட்டார். நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். மூன்று மாதத்தில் முகம் வட்டமாகிவிட்டது, கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டது, எடை 8 கிலோ கூடியது, சர்க்கரை ஏறியது. மாத்திரை தீர்ந்துபோய் ஒரு வாரம் சாப்பிடவில்லை. குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டார். மருத்துவமனையில் பரிசோதித்துவிட்டு, அந்த மாத்திரையில் ஸ்டெராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார்கள். உறையில் வெறும் இலையும் வேரும்தான் எழுதியிருந்தது.

சுகாதார அறிவியல் ஆணையம் இப்படிப்பட்ட மூட்டுவலி மாத்திரைகளில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டெராய்டு இருந்ததாகப் பல முறை எச்சரித்திருக்கிறது. இரண்டு நாளில் வலி போகிறதென்றால் அதற்காகவே சந்தேகப்பட வேண்டும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களும் சட்டென்று விடாமல் டாக்டரிடம் உறையோடு காட்டுங்கள்.

நீலக்கடல் | புதன், மதியம் 1.30

நான் இயன்மருத்துவ (பிசியோதெரபி) துறையில் வேலை செய்கிறேன். ஆளைப் பார்க்காமல் பயிற்சி எழுதித்தர முடியாது. பொதுவாகச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன்.

தேக்கா ஐயா சொன்னதில் வெந்நீர்க் குளியல் சரிதான், காலை விறைப்புக்கு மிகவும் உதவும். நோய் சீறும் நாட்களில் ஓய்வு என்பதும் சரி. ஆனால் எப்போதும் ஓய்வு என்றால் தசை கரைந்துவிடும். இந்த நோயில் மூட்டை வீங்கவைக்கும் அழற்சியே தசையைத் தின்கிறது. பிரெட்னிசோலோனும் தசையைக் குறைக்கும். அதனால் தராசில் எடை ஏறாதவர்களுக்குக்கூட உள்ளே தசை போய்க் கொழுப்பு கூடியிருக்கும். கொழுப்பும் சும்மா இருப்பதில்லை, அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரந்துகொண்டே இருக்கும். டாக்டர் "மருந்து நன்றாகக் கேட்கும்" என்றது இதனால்தான்.

"அசைந்தால் மூட்டு கெட்டுவிடும்" என்ற பயம் முன்பு மருத்துவர்களிடமும் இருந்தது. நெதர்லாந்தில் முடக்கு வாதக்காரர்கள் சுமார் 300 பேரை வைத்து இரண்டு வருடம் ஓர் ஆய்வு நடத்தி 2003ல் வெளியிட்டார்கள். ஒரு பாதியினர் வாரம் இரண்டு முறை நன்றாகவே வியர்க்கும் பயிற்சி செய்தார்கள். அவர்களின் செயல்திறன் கூடியது. நோயின் சீற்றம் கூடவில்லை. ஏற்கெனவே பெரிய மூட்டுகள் மோசமாகத் தேய்ந்திருந்தவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும் என்று கண்டார்கள்.

மலர், நீங்கள் நடந்ததில் தப்பில்லை, அளவில்தான் தப்பு. 10,000 என்பது மருத்துவர்கள் கணக்குப் போட்டுச் சொன்ன எண் அல்ல. 1965ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது. இப்போது வீட்டிலும் வேலையிலுமாக எத்தனை அடி நடக்கிறீர்கள் என்று ஒரு வாரம் பாருங்கள். அதோடு 500 சேர்த்தால் போதும். அடுத்த நாள் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த 500. பயிற்சியால் வந்த கூடுதல் வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டும். நோயாளிகளிடம் நாங்கள் முதலில் சொல்லித் தருவதே இந்த இரண்டு மணி நேரக் கணக்கைத்தான்.

ஈசூன்மலர் | புதன், மாலை 6.48

நீலக்கடல், ரொம்ப நன்றி. இன்று பார்த்தேன், சாதாரண நாளில் 3,900 அடி. அதிலிருந்து ஒரேயடியாக 10,000க்குப் போயிருக்கிறேன்! செங்காங் சகோதரருக்கும் நன்றி, அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அங்மோகியோஅம்மா | புதன், இரவு 9.30

சொன்னபடி வந்துவிட்டேன். என் மகன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

மலர், எடை கூடியதற்கு எல்லாரும் மாத்திரையைத்தான் திட்டுவோம். மாத்திரை பசியைக் கிளப்பும், உண்மைதான். ஆனால் நான் கண்டுபிடிக்கப் பல வருடம் ஆன இன்னொரு காரணம் உண்டு. கத்தி பிடிக்க முடியாதது.

யோசித்துப் பார். கீரை ஆய முடியாது. பூசணிக்காயை வெட்ட முடியாது. தேங்காய் துருவ முடியாது. பிரஷர் குக்கர் மூடியைத் திருக முடியாது. சோறு மட்டும் வடிக்கலாம், கருவாட்டைப் பொரிக்கலாம், அப்பளம் சுடலாம். இல்லாவிட்டால் கீழே போய் இரண்டு பரோட்டாவும் தேத்தண்ணியும். காய்கறி என் தட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. வாய் ருசிக்காகப் போகவில்லை, கை வலிக்காகப் போனது. மருத்துவமனையில் யாரும் இதைக் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

பிறகு கைக்குத் தகுந்தபடி சமையலை மாற்றினேன். ஈரச்சந்தையில் எனக்குப் பழக்கமான காய்கறிக்கடைக்காரர் பூசணி, முட்டைக்கோஸ் எல்லாம் துண்டு போட்டுத் தருவார், கேட்டால் போதும். மீன்கடையில் குடல் எடுத்து வெட்டியே வாங்குவேன். கானாங்கெளுத்தி, மத்தி மாதிரி எண்ணெய் மீன் வாரம் இரண்டு முறை. உறையவைத்த பயறு, பச்சைப் பட்டாணி, வெட்டிய பீன்ஸ் எப்போதும் பெட்டியில் இருக்கும். தௌக்வாவை, அதுதான் கெட்டியான தோஃபு, விரலாலேயே பிய்த்துக் குழம்பில் போடலாம், கத்தியே வேண்டாம். தோசை மாவு கடையில் வாங்குகிறேன். வெட்டியே ஆக வேண்டும் என்றால் உட்கார்ந்துகொண்டு, கைப்பிடி தடித்த கத்தியால், பத்து நிமிடம். அப்புறம் ஓய்வு. மீதியைப் பிறகு.

சாப்பிடும் தட்டு சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்வது போலத்தான். பாதி காய்கறியும் பழமும், கால்வாசி சோறு, கால்வாசி பருப்போ மீனோ முட்டையோ. தமிழன் தட்டில் சோறு கால்வாசி என்றால் முதலில் அழுகை வரும். எனக்கு வந்தது. ரசத்தை மட்டும் கிண்ணத்தில் தனியாகக் குடித்து மனசைத் தேற்றிக்கொண்டேன்.

தேத்தண்ணி எத்தனை குடிக்கிறாய் என்று சொல்லவில்லையே?

ஈசூன்மலர் | புதன், இரவு 9.52

அம்மா, படித்துவிட்டு அழுதேவிட்டேன். கத்தி விஷயம் அப்படியே என் வீடு. கணவர் இரவு வேலை, நான் பெரும்பாலும் காப்பிக்கடையில் வாங்கித்தான் சாப்பிடுகிறேன்.

தேத்தண்ணி நாளைக்கு மூன்று. கட்டிப்பால் போட்டது.

அங்மோகியோஅம்மா | புதன், இரவு 10.10

முதலில் அதில் கை வை. 'தே சி கோசோங்' என்று கேள், சர்க்கரை இல்லாமல் வெறும் ஆவியாக்கிய பால் ஊற்றித் தருவார்கள். ஒரேயடியாக முடியாவிட்டால் இரண்டு வாரம் 'சியூ டாய்', அதாவது இனிப்புக் குறைவாக, கேட்டுக் குடித்துவிட்டுப் பிறகு கோசோங்குக்கு மாறு. இஞ்சி போட்ட தேத்தண்ணியும் நல்லது, சர்க்கரை வேண்டாம். இப்போதெல்லாம் பானக் கடைகளில் சர்க்கரை அளவைக் காட்டும் நியூட்ரி-கிரேடு எழுத்து போட்டிருக்கிறார்கள், சி, டி என்று பார்த்தால் தாண்டிப் போ.

தெம்பனிஸ்பேகம் | வியாழன், காலை 6.05

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு கால ஸஹர் பழக்கத்தில் சீக்கிரம் எழுந்துவிட்டேன், இழையைப் பார்த்தேன். எனக்கு 12 வருடமாக இந்த நோய். மலர் தங்கச்சிக்கு மூன்றே விஷயம்.

மெத்தோட்ரெக்சேட் போட்ட மறுநாள் பலருக்கு உடம்பு சோர்வாக, குமட்டலாக இருக்கும். அன்று பயிற்சி வைக்காதீர்கள். நான் வெள்ளி இரவு போடுகிறேன், சனி முழுக்க ஓய்வு. மற்ற நாளில் கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

பட்டினி கிடந்து குறைக்க வேண்டாம். நான் ஒரு முறை ஒரு வேளைச் சாப்பாடு என்று இருந்து 6 கிலோ குறைத்தேன். மாடிப்படி ஏற முடியாமல் போனது, தசைதான் போயிருக்கிறது. ரமலான் நோன்புக்கு முன்னால் மட்டும் வருடா வருடம் டாக்டரிடம் போய் மாத்திரை நேரத்தை மாற்றி எழுதி வாங்கிவிடுவேன்.

அப்புறம் செலவு. 2015லிருந்து முடக்கு வாதமும் நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் இருக்கிறது. வெளிநோயாளிக் கட்டணத்துக்கு மெடிசேவை, அதாவது நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கை, பயன்படுத்தலாம். இது தெரியாமல் பல மாதம் கையிலிருந்து கட்டினேன். இயன்மருத்துவரிடம் போகவும், கைக்கான தொழில்வழிச் சிகிச்சைக்கு (ஆக்குபேஷனல் தெரபி) போகவும் டாக்டரிடம் கடிதம் கேளுங்கள். மணிக்கட்டுப் பட்டை அளவெடுத்துத் தருவார்கள்.

தேக்கா64 | வியாழன், காலை 9.15

செங்காங் தம்பி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. அந்த மாத்திரையை என் மனைவியும் சாப்பிடுகிறாள். உறையை எடுத்துக்கொண்டு இன்றே பலதுறை மருந்தகத்துக்குப் போகிறோம். சகோதரி, நான் சொன்னதை மறந்துவிடுங்கள்.

செங்காங்காரன் | வியாழன், காலை 9.22

அண்ணா, கையோடு அழைத்துப்போங்கள். எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

நீலக்கடல் | வியாழன், இரவு 8.40

தேக்கா ஐயா, தக்காளி, கத்தரிக்காய் பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் விட வேண்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. ஒருவருக்கு ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவர் மட்டும் விடலாம்.

மலருக்குத் தசைக்கான பயிற்சி இரண்டு மட்டும் சொல்கிறேன், உங்கள் இயன்மருத்துவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். ஒன்று, நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது. உயரமான, ஆடாத நாற்காலி. தேவைப்பட்டால் தலையணை வைத்து இன்னும் உயர்த்துங்கள். கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்காருங்கள். ஐந்து முறை. வாரங்கள் போகப் போகத் தலையணையை எடுத்துவிடலாம். தரையிலிருந்து எழும் பலம் இங்கிருந்துதான் வரும். இரண்டாவது, ரப்பர் பட்டை. அதை விரலால் இறுகப் பிடிக்காதீர்கள். முன்கையில் சுற்றி முழங்கையால் பின்னுக்கு இழுங்கள். பிடி வலிக்காமல் தோளும் முதுகும் வேலை செய்யும்.

ஒரு மூட்டு சூடாகி வீங்கியிருந்தால் அன்று அதற்குப் பளு வேண்டாம். மெதுவாக முழு அளவுக்கு மடக்கி நீட்டினால் போதும்.

எடைக் கணக்கையும் பயமில்லாமல் பாருங்கள். ஆசியர்களுக்கு உடல் பருமன் குறியீடு (பிஎம்ஐ) 23க்கு மேல் போனால் கவனம், 27.5க்கு மேல் அதிக ஆபத்து. உங்களுக்கு இப்போது 29.6 வருகிறது. 66 கிலோவுக்கு வந்தாலே 27.5க்குக் கீழே வந்துவிடுவீர்கள். ஐந்து கிலோதான். தேய்மான மூட்டுவலி உள்ளவர்களிடம் 2005ல் அமெரிக்காவில் செய்த ஆய்வில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறும் சுமை நாலு கிலோ குறைந்தது. உங்களுடையது வேறு நோய்தான், ஆனால் முழங்கால் சுமக்கும் கணக்கு எல்லாருக்கும் அதே மாதிரிதான்.

அங்மோகியோஅம்மா | வியாழன், இரவு 9.05

தண்ணீரை யாருமே சொல்லவில்லையே!

மலர், உனக்கு நீந்தத் தெரிய வேண்டியதில்லை. எனக்கும் தெரியாது. மார்பளவுத் தண்ணீரில் நின்றால் உடம்பின் பாரத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். நான் முதல் முறை இறங்கியபோது 52 வயது. படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கி, தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தேன். வலிக்கவில்லை. நம்பாமல் மறுகாலைத் தூக்கினேன். அன்று இருபது நிமிடம் சுவரோரமாக முன்னும் பின்னும் நடந்தேன், அவ்வளவுதான். வெளியே ஏறும்போது மட்டும் உடம்பின் முழு எடையும் திரும்ப வந்து காலில் விழுந்தது போல இருந்தது. அதனால் முதல் நாளே அதிக நேரம் நிற்காதே, ஏறுவதற்குப் பலம் மிச்சம் வை. செங்குத்து ஏணி வேண்டாம், மணிக்கட்டு தாங்காது. படிக்கட்டு எந்தப் பக்கம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்.

உன் பக்கத்திலேயே ஈசூன் நீச்சல் குளம் இருக்கிறது. கட்டணம் ஒன்றிரண்டு வெள்ளிதான். புடவை, சுடிதார் என்று கூச்சப்படாதே, முழுக்கை முழுக்கால் நீச்சலுடை போட்டுக்கொண்டு எத்தனையோ பெண்கள் வருகிறார்கள்.

ஈசூன்மலர் | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.30

எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? சொல்ல வேண்டும் என்றே வந்தேன்.

71லிருந்து 69.2. பெரிய எண் இல்லை. நாலாவது வாரத்தில் ஒரு முறை நோய் சீறியது, ஐந்து நாள் அடியையே எண்ணவில்லை. அந்த ஐந்து நாளில் முன்பு போல "எல்லாம் போச்சு" என்று நினைக்கவில்லை. வீட்டுக்குள் விரலை மடக்கி நீட்டிக்கொண்டு, பருப்பும் வெட்டி வாங்கிய காயும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன். ஆறாவது நாள் 3,000 அடியிலிருந்து திரும்ப ஆரம்பித்தேன். இப்போது 5,500 வரை வலிக்காமல் போகிறது, காலை ஏழு மணிக்கு முன்னால், வெயிலுக்கு முந்தி. விரல் பக்கம் அகலமான காலணி வாங்கினேன், அந்தக் கூழாங்கல் வலி பாதியாகக் குறைந்துவிட்டது.

டாக்டரிடம் தாளோடு போனேன். எழுந்திருக்கவில்லை. பிரெட்னிசோலோனை மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைக்க அட்டவணை எழுதித் தந்தார். இயன்மருத்துவருக்குக் கடிதமும் கிடைத்தது. நாற்காலிப் பயிற்சி இப்போது பத்து முறை, தலையணை இல்லாமல்.

பள்ளியில் மேலாளரிடம் பேசினேன். கதை நேரத்துக்குத் தரைக்குப் பதிலாக எனக்கு ஒரு குட்டி முக்காலி போட்டிருக்கிறார்கள். இத்தனை நாள் கேட்காமல் இருந்துவிட்டேன்.

தண்ணீரில் மட்டும் இன்னும் இறங்கவில்லை. இரண்டு முறை நீச்சல் குளத்து வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது.

தேக்கா64 | ஞாயிறு, மாலை 6.10

நல்ல செய்தி சகோதரி. என் மனைவிக்கும் டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறார். வலி திரும்பியிருக்கிறது, ஆனால் இப்போது சரியான மருந்து தொடங்கியிருக்கிறார்கள். அவளும் இந்த இழையைப் படிக்கிறாள்.

அங்மோகியோஅம்மா | ஞாயிறு, மாலை 6.25

மலர், எந்த நாளில் மெத்தோட்ரெக்சேட் போடுகிறாய்?

ஈசூன்மலர் | ஞாயிறு, மாலை 6.27

புதன் இரவு அம்மா.

அங்மோகியோஅம்மா | ஞாயிறு, மாலை 6.31

அப்படியென்றால் சனிக்கிழமை சரியாக இருக்கும். காலை எட்டரைக்கு ஈசூன் நீச்சல் குளத்து வாசலில் நிற்கிறேன், எம்ஆர்டி ரயிலில் வந்துவிடுவேன். பெரிய துண்டு இரண்டு கொண்டு வா, வெளியே வந்ததும் காற்று பட்டால் மூட்டு விறைக்கும். குடுவையில் சுடுதண்ணீரும் எடுத்துக்கொள். மூடியை ரொம்ப இறுக்கி மூடிவிடாதே, நம்ம இரண்டு பேராலும் திறக்க முடியாது. தேக்கா அண்ணன் வீட்டம்மாவும் வரலாம், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.